செருப்பைக் கழற்றிவிட்டு இடிக்கப் போனோம்

வார்டு ஆபீஸ் வாசலில் ஒரு டீக்கடை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் டீ கிடைக்காமல் இல்லை. வீட்டில் டீயோடு வேலையும் சேர்ந்து கிடைக்கும், அதனால்தான்.

போன வாரம் ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவில் வேலை செய்யும் சந்தோஷ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், காண்டிராக்டரிடம் சம்பளம் வாங்குகிறவன். பெட்டிக்குள் ட்ரோன் இருந்தது. அது மேலே பறந்து குடிசைகளின் கூரையையெல்லாம் படம் பிடித்துவிடுமாம், யாரும் சந்துக்குள் நுழையவே வேண்டாமாம். நோட்டீஸ்கூட இப்போது போனிலேயே போய்விடுகிறதாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணா, உங்க வீட்டை இடிக்க நீங்களே போனீங்களாமே, நெசமா?" என்று கேட்டான். புனேயில் தெற்கத்திக்காரன் யாராயிருந்தாலும் அண்ணாதான். மீசை முளைத்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இப்போதுதான் அந்தப் பெயருக்கு ஏற்ற வயது வந்திருக்கிறது.

நிஜம்தான் என்றேன். ஆனால் இதைக் கேட்கிற எல்லாரும் கதையின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். அதனால் அவனுக்குத் தலையிலிருந்தே சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கட்கிக்கு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். நானும் என் மனைவி பாக்கியமும் விஷ்ராந்த்வாடியில் ஒரு நாலாவின், அதாவது சாக்கடை ஓடையின் கரையில், சிஞ்ச்மளா என்ற குடிசை வஸ்தியில், தகரக் கூரை போட்ட ஒரு அறைக்கு வந்து சேர்ந்தோம். புறம்போக்கு நிலம். சுற்றி எல்லாரும் எங்களைப் போன்றவர்கள்தான். கொத்தனார்கள், ஆட்டோக்காரர்கள், வீட்டு வேலை செய்கிற பெண்கள். அந்தச் சமயத்தில் எனக்கு மாநகராட்சியில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றார்கள், பென்ஷன் உண்டு என்றார்கள். எந்தப் பிரிவு என்று மட்டும் சேருகிற நாள்வரைக்கும் யாரும் சொல்லவில்லை. குடிசைகளை இடிக்கிற பிரிவு அது.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள் ஒரு மூத்த தொழிலாளி கையில் கடப்பாரையைக் கொடுத்தார். நான் அதைப் பிடித்த அழகைப் பார்த்துவிட்டு அவரே திருப்பி வாங்கிக்கொண்டு, நீ பாத்திரம் தூக்கு என்றார். ஓய்வு பெறுகிற நாள்வரை பாத்திரம்தான் தூக்கினேன்.

அதுவும் வேலைதான். மெஷின் சுவரைத் தொடுவதற்கு முன்னால் வீட்டிலிருக்கிற சாமானையெல்லாம் வெளியே எடுத்துவைக்க வேண்டும். அப்படி எடுத்துவைக்கிற கூலிக்கு மராத்தியில் பிகாரி என்று பெயர். எந்தச் சாமானை எப்போது எடுப்பது என்பதற்கு எங்கள் குல்கர்ணி சாஹேப் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சாமி படம். அடுத்தது காஸ் சிலிண்டர். பிறகு அரிசி, கோதுமை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பை. பாய், படுக்கை கடைசியில். இந்த வரிசை மாறினால் எடுத்ததையெல்லாம் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்.

சாஹேபைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். சட்டைக் காலரில் அழுக்குப் படாமலிருக்க ஒரு கைக்குட்டையை மடித்துச் சொருகியிருப்பார். இடி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கார்யவாஹி என்பார், அதாவது நடவடிக்கை. இடிக்கப்போகிற குடிசையின் வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவார். தகரக் கதவைக் குடைப்பிடியால் மெல்லத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்பார். உள்ளே இருக்கிறவர்கள் பழக்க தோஷத்தில் "யா, யா", வாங்க வாங்க என்று வரவேற்றுவிட்டு, யாரை வரவேற்றோம் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

அவர் கழற்றினால் நாங்களும் கழற்றத்தானே வேண்டும். உடைந்த ஓடும் துருப்பிடித்த ஆணியும் கிடக்கிற இடத்தில் மொத்தப் பட்டாளமும் வெறுங்காலோடு நடந்தோம். என் உள்ளங்காலில் குத்தாத ஆணி புனேயில் இல்லை. ஒரு தரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, எப்படியும் இடிக்கத்தானே போகிறோம் சாஹேப் என்றேன். இடிக்கிற வரைக்கும் அது வீடு, ஆறுமுகம் என்றார். அது மரியாதையா, பைத்தியமா, வெறும் வேஷமா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகத் தெரியாது.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. எந்த வஸ்தியிலும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சாப்பிட்ட வீட்டில் கை வைக்கக் கூடாது, கை வைக்கவேண்டிய வீட்டில் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான் என்பார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்காதே என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் அதை இப்படிக் கணக்காகக் கடைப்பிடித்த ஒரு ஆளை நான் அவரைத்தான் பார்த்தேன். எங்கேயாவது ஒரு கிழவி டீ கொண்டுவந்து நீட்டினால் பாம்பைப் பார்த்ததுபோலப் பின்வாங்குவார்.

நான் வீட்டில் ஆபீஸ் விஷயம் பேசமாட்டேன். மறுநாள் எங்கே போகிறோம் என்பது எங்களுக்கே தெரியாது. முந்தின நாள் சாயங்காலம், நாளைக்குச் சீக்கிரம் வா என்று மட்டும் சொல்வார்கள். எந்த வஸ்தி என்பது மறுநாள் லாரி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்துத்தான் தெரியும். அதைக்கூட நான் வீட்டில் மூச்சு விட்டதில்லை. பாக்கியமும் ஒரு நாளும் கேட்டதில்லை. நாளைக்கு என்ன சோறு கட்டட்டும் என்பாள், அதோடு சரி. அன்றாடம் தயிர் சாதம் கட்டுவாள். சீக்கிரம் கிளம்புகிற நாளில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியாது. டப்பா லாரிக்குள் வெந்து தயிர் புளித்துவிடும். அதனால் அந்த நாளில் மட்டும் எலுமிச்சை சாதம் கட்டச் சொல்வேன்.

இப்படி நான் வாயைக் கட்டி வைத்திருந்தும், நாங்கள் போகிற இடத்திலெல்லாம் பெண்கள் எங்களுக்கு முன்னாலேயே தயாராக உட்கார்ந்திருப்பார்கள். ஆள் உள்ளே இருந்தால் மெஷின் வீட்டைத் தொடக்கூடாது என்பது விதி. பெண்ணைப் பெண் போலீஸ்தான் தூக்கி வெளியே விடவேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டையும் எங்களைவிட அந்தப் பெண்கள் நன்றாகப் படித்துவைத்திருந்தார்கள். வஸ்திக்கு வஸ்தி கமிட்டி இருந்தது. முதலில் மாற்று வீடு, பிறகு இடிப்பு என்று எல்லாக் கமிட்டிக்கும் ஒரே கோரிக்கை. யாரோ துப்புக் கொடுக்கிறார்கள் என்று சாஹேப் சந்தேகப்பட்டார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். என் முறை வந்தபோது முருகன்மேல் சத்தியம் செய்தேன். பிறர்மேல் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது, அதையும் சொல்லிவைத்தேன்.

எங்கள் சிஞ்ச்மளா கமிட்டிக்குத் தலைவி சுமன் மௌசி. மௌசி என்றால் சித்தி. வஸ்தி முழுவதற்கும் அவள் சித்திதான். புருஷனை இழந்தவள், காய்கறி வண்டி தள்ளிப் பிழைத்தவள். பாக்கியம் அவளுக்கு வலதுகை. கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடக்கும், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஆட்டுக்கல் இருந்தது. பாக்கியம் வாணியம்பாடியிலிருந்து அடம்பிடித்து லாரியில் கொண்டுவந்த கல் அது. மிக்ஸி வந்த பிறகு ஒரு பிடி உளுந்துகூட அதில் ஆட்டியதில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பேசுவார்கள். நான் அரசாங்க ஆள் என்று சொல்லி என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். மௌசி போட்ட முதல் சட்டம் ஆண்களைப் பற்றியது. இடிக்க வருகிற நாளில் ஆண்கள் எல்லாரும் ஒழுங்காக வேலைக்குப் போய்விட வேண்டும். "ஆம்பளைங்க இருந்தா கோவம் வரும், கோவம் வந்தா கல்லு வரும், கல்லு வந்தா தடி வரும்" என்பாள்.

தடி அதற்கு முன்பே ஒரு தரம் வந்திருந்தது. எங்கள் வஸ்திக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடம் எழும்ப இருந்தது. சாலை அகலப்படுத்த என்று நோட்டீஸில் போட்டிருந்தாலும், அந்தச் சாலை யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு மத்தியான நேரம், ஆண்கள் வேலைக்குப் போயிருந்தபோது, முகத்தில் துணி கட்டிய ஆட்கள் பைக்குகளில் வந்து இறங்கினார்கள். தண்ணீர் டிரம்களை உடைத்தார்கள், தகரங்களைப் பெயர்த்தார்கள். சந்து முனையில் குறுக்கே நின்ற மௌசியை இரும்புக் கம்பியால் அடித்து மணிக்கட்டை உடைத்தார்கள். குழாயடியில் வழுக்கி விழுந்தாள் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். பெண்கள் ஸ்டேஷன் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கேயே சமைத்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அடித்தார்கள் என்று எழுதுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். எழுதினார்களே தவிர யாரையும் பிடிக்கவில்லை. அந்த மத்தியானம் நான் ஹடப்சரில் வேறு யார் வீட்டுப் பாத்திரத்தையோ தூக்கிக்கொண்டிருந்தேன்.

மௌசியின் கை கோணலாகத்தான் கூடியது. அந்தத் தை மாதம் ஹல்தி-குங்கு வந்தது. பொங்கலிலிருந்து ரதசப்தமி வரைக்கும் இங்கே பெண்கள் ஒருவரையொருவர் வீட்டுக்கு அழைத்து மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுத்து, கையில் ஏதாவது ஒரு சின்னப் பொருளும் கொடுத்து அனுப்புவார்கள். சுமங்கலிகளுக்கு மட்டும்தான். மௌசி வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். பாக்கியம் நேரே அவளிடம் போய், இத்தனை வீட்டுக்காகவும் கையை உடைத்துக்கொண்டவளுக்கு வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது என்று சொல்லி முதல் குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்துவிட்டாள். சில கிழவிகள் முணுமுணுத்தார்கள். பாக்கியத்திடம் முணுமுணுத்து ஜெயித்தவர்கள் யாரும் இல்லை என்பதற்கு நான் சாட்சி.

அடுத்த வருஷம் அதே ஹல்தி-குங்கு நாட்களில் ஒரு சாயங்காலம், நாளைக்குச் சீக்கிரம் வா என்றார்கள். நான் எலுமிச்சை சாதம் கேட்டேன். காலையில் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். லாரி யெர்வடாவைத் தாண்டி ஆளந்தி ரோட்டைப் பிடித்தபோது சும்மா இருந்தேன். விஷ்ராந்த்வாடி சிக்னலில் எங்கள் பக்கமாகத் திரும்பியபோது டப்பாப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆபீஸ் ரெக்கார்டில் என் விலாசம் அப்பாவின் கட்கி குவார்ட்டர்ஸ்தான். நான் சிஞ்ச்மளாவில் குடியிருப்பது அந்த லாரியில் யாருக்கும் தெரியாது.

போய் இறங்கிப் பார்த்தால் வாசலுக்கு வாசல் கோலம். பெண்கள் எல்லாரும் கறுப்புச் சேலை. சங்கராந்திக்கு இங்கே கறுப்புத்தான் கட்டுவார்கள். நல்ல நாளில் கறுப்புக் கட்டினால் செத்துப்போன அம்மா எழுந்து வந்துவிடுவாள் என்று சொல்கிற பாக்கியமும் கட்டியிருந்தாள். சுமன் மௌசி தட்டோடு வந்தாள். சாஹேபை அவள் திரும்பியே பார்க்கவில்லை. நேரே பெண் போலீஸ் வேனுக்குப் போய், வாசல் வரைக்கும் வந்த சுமங்கலிகள் குங்குமம் வாங்கிக்கொள்ளாமல் போனால் இரண்டு வீட்டுக்கும் நல்லதில்லை என்றாள்.

அந்தப் போலீஸ்காரிகள் டியூட்டியில் இருக்கிறோம் என்று முதலில் விறைப்பாகத்தான் நின்றார்கள். ஆனால் அவர்களும் இந்த ஊர்ப் பெண்கள். தடியை வேண்டாம் என்று சொல்லலாம், நீட்டிய குங்குமத்தை எப்படி வேண்டாம் என்பது? அவர்களுக்கு அதிகாரியாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் மேடம், ஒரு வீடு, இரண்டு நிமிஷம் என்றார். ஒரு வீட்டுக்குப் போய்விட்டால் பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா? என் வீடு மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் பாய் விரித்து, பன்னீர் தெளித்து, கையில் அத்தர் தடவி, எள்ளுருண்டை கொடுத்து, பிள்ளை எத்தனாவது படிக்கிறான் என்று விசாரித்து, கடைசியில் ஒரு டீ வடிகட்டியைக் கையில் கொடுத்தார்கள். கமிட்டி மொத்தமாக வாங்கிவைத்திருந்தது, எல்லா வீட்டிலும் டீ வடிகட்டிதான்.

அவர்களுக்கு வேண்டியது நேரம். கமிட்டியின் வக்கீல், ஒரு சின்ன வயதுப் பெண், தடை உத்தரவு கேட்டு அன்றைக்குக் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தாள். உத்தரவு வருகிற வரைக்கும் ஒரு தகரமும் விழக்கூடாது. சாஹேபோ குடையை ஊன்றிக்கொண்டு சந்தில் நின்றார். ஆள் உள்ளே இருந்தால் மெஷின் தொடக்கூடாது. இங்கே ஆளோடு கூட அரசாங்க ஆளும் உள்ளே இருந்தது. ஆளை வெளியேற்ற வந்த ஆளை யார் வெளியேற்றுவது என்று அவர் படித்த விதியில் எங்கும் இல்லை. ஜேசிபி டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. சாஹேப் போனுக்கே எழுந்து நிற்கிறவர், நின்றபடி நிறைய திட்டு வாங்கினார். அதைப் பார்த்ததும் மேடம் விசிலை ஊதினார். போலீஸ்காரிகள் நெற்றி நிறையக் குங்குமமும் வாய் நிறைய எள்ளுருண்டையுமாக ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியின் பாக்கெட்டிலிருந்தும் டீ வடிகட்டிகளின் கைப்பிடிகள் எட்டிப் பார்த்தன. சிரிக்கவேண்டும்போல இருந்தது. மேடம் நாலாக் கரையோரக் கடைசி வீட்டைக் காட்டி, விருந்தாளி யாரும் போகாத வீடு அதுதான், அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது என் வீடு.

சாஹேப் என் வாசலில் செருப்பைக் கழற்றினார். குடைப்பிடியால் தட்டினார். உள்ளே வரலாமா என்று கேட்டார். பாக்கியம் ஆட்டுக்கல்மேல் உட்கார்ந்தபடி வாங்க என்றாள். அவர் பின்னால் நானும் நுழைந்தேன். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

முதலில் சாமி படம். சுவரிலிருந்து முருகனை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டேன். முருகனுக்குப் பக்கத்தில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. சாஹேப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலைமுடி மாறியிருந்தாலும் காது மாறவில்லை.

"ஆறுமுகம், இது யார் வீடு?"

"என் வீடுதான், சாஹேப்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பஞ்சநாமா எழுதுகிற அட்டையை எடுத்துப் பிரித்துவைத்துக்கொண்டு யோசனையில் ஆழ்ந்துவிட்டார். சாமானை எடுத்துக் கொடுத்தவர் பெயர் ஒரு பக்கம், பெற்றுக்கொண்டவர் பெயர் இன்னொரு பக்கம் எழுதவேண்டும். இரண்டும் ஆறுமுகமாக இருந்தால் எப்படி எழுதுவது? கொடுத்தவனே வாங்கிக்கொண்டால் அது ஒப்படைப்பு ஆகுமா என்று என்னிடமே கேட்டார். முருகனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நான் கொடுக்கிறவனா வாங்குகிறவனா என்று எனக்கும் புரியவில்லை.

மேடம் பொறுமையிழந்து பூட்ஸ் காலோடு உள்ளே வந்தார். சாஹேப் அந்தப் பூட்ஸைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மேடம் வெளியே போய் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். போலீஸ் பூட்ஸைக் கழற்றுவது லேசான காரியமில்லை. எல்லாம் கழற்றிவிட்டு வந்து, பாக்கியத்தின் தோளைப் பிடித்து எழுந்திரு என்றார். பாக்கியம் இரண்டு கையாலும் ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டாள். அவளையும் கல்லையும் சேர்த்துத் தூக்க அந்த வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் போதாது.

அப்போது மௌசி தட்டோடு உள்ளே வந்தாள். வந்த போலீஸ்காரிகளில் மேடத்தின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். மௌசி காலையிலேயே கவனித்திருக்கிறாள். மேடம் தட்டைப் பார்த்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்கு இல்ல. நான்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

"தெரியும்மா. எனக்கும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்றாள் மௌசி. "கல்லுமேல ஒக்காந்திருக்காளே இவ, இவதான் எனக்கு வெச்சுவிட்டா. நான் ஒனக்கு வெக்கிறேன். வேணாம்னா சொல்லு, போயிடறேன்."

மேடம் தொப்பியைக் கழற்றினார். மௌசியின் மணிக்கட்டு சரியாக வளையாது, அதனால் குங்குமம் நெற்றியில் கொஞ்சம் சாய்வாகத்தான் விழுந்தது. மேடம் அதைத் துடைக்கவில்லை. அப்படியே ஆட்டுக்கல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாஹேப் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேடம், கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அவர் அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மௌசி அந்த மத்தியானத்தைப் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஸ்டேஷனைச் சேர்ந்த ஒரு ஆள் அவள் சொல்வதை முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

நாங்கள் ஆண்கள் மெதுவாக வெளியே வந்தோம். சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. சாஹேப் என் வாசல் கல்லில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சப்பாத்தியைப் பிரித்தார். ஜேசிபி டிரைவர் தூக்கம் கலைந்து வந்து, வழக்கம்போல என்னைக் கேட்காமலே என் டப்பாவைத் திறந்தான். கள்ளம் கபடம் இல்லாத பயல்.

"இடிக்கிற நாள்னாலே அண்ணா டப்பாவுல எலுமிச்சை சாதம்தான். எத்தினி வருசமா பாக்கறேன், ஒரு நாளும் தப்புனதில்ல" என்றான்.

சாஹேபின் கை பாதி வழியில் நின்றது. அவர் டப்பாவைப் பார்த்தார். வாசலில் போட்டிருந்த கோலத்தைப் பார்த்தார். கறுப்புச் சேலையில் கதவோரம் வந்து நின்ற பாக்கியத்தைப் பார்த்தார். முந்தின நாளே கேட்டு வைத்துவிடுவாயா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் சாஹேப், எலுமிச்சம்பழம் வாங்க வேண்டாமா என்றேன். சொல்லி வாயை மூடிய பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அரசாங்க ரகசியத்தைச் சோற்றில் மறைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் எலுமிச்சை சாதம் கேட்ட சாயங்காலமெல்லாம் பாக்கியம் குழாயடிக்குப் போய், நாளைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். எந்த வஸ்தி என்று அவளுக்கும் தெரியாது. அதனால் எல்லா வஸ்திக்கும் சேதி போகும், எல்லா வஸ்தியிலும் பெண்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கே போனாலும் தயாராக இருக்கிறார்களே என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம். நாங்கள் போகாத இடத்திலும் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள். சாங்வியில் பாக்கியம் சமைத்துப் போடுகிற கோயமுத்தூர் ஐடி அம்மா, எப்படித்தான் புனேயில் எல்லா வேலைக்காரிக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வருகிறதோ என்று புலம்புவாராம். எனக்குத் தயிர் புளிக்கக் கூடாது என்பதற்காக அந்தம்மா பாத்திரம் தேய்த்திருக்கிறார். பிற்பாடு பாக்கியத்தைக் கேட்டால், "நான் உன்ன எதுனா கேட்டனா? நீ எதுனா சொன்னியா? சோறு கேட்ட, கட்டிக் குடுத்தேன்" என்றாள். சண்டை போட இடமே இல்லை.

வேலை போய்விட்டது, பென்ஷனும் போய்விட்டது என்று நான் உட்கார்ந்திருந்தேன். சாஹேப் தன் டப்பா மூடியைக் கழுவித் துடைத்தார். அதை என் பக்கம் நீட்டினார்.

"கொஞ்சம் போடு" என்றார்.

டிரைவர் வாயைத் திறந்தபடி பார்த்தான். வஸ்தியில் தண்ணீர்கூடத் தொடாத மனிதர், என் வீட்டு வாசல் கல்லில் உட்கார்ந்து, என் வீட்டில் பொங்கிய சோற்றைத் தின்றார். வேர்க்கடலையைத் தனியாகப் பொறுக்கிக் கடைசியில் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று பாக்கியத்திடம் சொன்னார். பாக்கியம் தலையாட்டினாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த வீட்டின்மேல் அவர் கை இனி விழாது.

பிறகு அட்டையைப் பிரித்து எழுதினார். பெண் காவலர்கள் மங்கலச் சடங்கில் இருப்பதாலும், சாமான்களை ஒப்படைப்பதில் நடைமுறைச் சிக்கல் எழுந்திருப்பதாலும் கார்யவாஹி ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் வக்கீல் பெண் ஸ்கூட்டியில் புழுதி பறக்க வந்து சேர்ந்தாள். சாஹேப் தடை உத்தரவை வாங்கி இரண்டு தரம் படித்தார். முத்திரை மங்கலாக இருக்கிறது, அடுத்த தரம் நன்றாக அழுத்தச் சொல்லுங்கள் என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் முருகனை மாட்டிவிட்டுப் போய் லாரியில் ஏறினேன். போலீஸ்காரிகள் டீ வடிகட்டிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கேஸ் இன்னும் நடக்கிறது. வீடு இன்னும் நிற்கிறது. மௌசியை அடித்தவர்களில் இரண்டு பேரை மேடம் பிடித்து உள்ளே போட்டார், அதற்குள் அவரையே வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷமே ஆற்றங்கரையில் ஒரு வஸ்தியை ஒரே காலையில் தரைமட்டமாக்கினார்கள். அன்றைக்கு நான் டைபாய்டில் படுத்திருந்தேன். டப்பா கேட்கவில்லை, எந்த வஸ்திக்கும் சேதி போகவில்லை. பெண்கள் எல்லாரும் வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தார்கள்.

நான் வேலைக்குத் திரும்பியதும் ஒரு சாயங்காலம் சாஹேப் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, குடையின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "ஆறுமுகம், நாளைக்கு எலுமிச்சை சாதம் கொண்டு வா. சாப்பிடணும்போல இருக்கு" என்றார். மறுநாள் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை. அதற்குப் பிறகும் மாற்றலாகிப் போகிற வரைக்கும் அடிக்கடி கேட்பார், கொண்டுபோனால் ஒரு பருக்கை தொடமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து டிரைவர் தின்றான்.

இதையெல்லாம் கேட்டுச் சந்தோஷ் நன்றாகச் சிரித்தான். இப்போது அந்த மாதிரியெல்லாம் நடக்காது அண்ணா, எல்லாம் மேலேயிருந்தே பார்த்துவிடுவோம் என்று சொல்லி ட்ரோனைப் பெட்டியில் வைத்து மூடினான். அப்புறம் போனை எடுத்துப் பெண்சாதியைக் கூப்பிட்டான். நாளைக்குக் காலையில் சீக்கிரம் போகணும், டப்பாவில் தயிர் வைக்காதே என்றான். சந்தோஷ் போனில் வாய்க்குள்ளேயே பேசுகிறவன். அவன் இத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த நேரத்துக்குப் பாக்கியம் குழாயடியில்தான் இருப்பாள்.